லென்ஸைத் திருப்பிப் போட்டுப் படம் எடுப்பது: குளுவாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் ஊர் குளுவாங். சனிக்கிழமை காலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரப் பாதையில் நான் கேமராவோடு குனிந்து உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அண்ணே, லென்ஸ் தலைகீழா மாட்டியிருக்கே" என்று சொல்வது வழக்கம். சின்னப் பூச்சிகளைப் பெரிதாகப் படம் எடுக்கத் தெரிந்துதான் இப்படி மாட்டியிருக்கிறேன் என்று சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், முக்கியமாகக் கையில் அதிகக் காசு இல்லாத பிள்ளைகளுக்காக.

லென்ஸைத் திருப்பிப் போடுவது என்றால் சரியாக என்ன செய்கிறீர்கள்?

சாதாரணமாக லென்ஸின் பின்பக்கம் கேமராவோடு சேரும், முன்பக்கம் உலகத்தைப் பார்க்கும். இதில் முன்பக்கத்தைக் கேமராவோடு சேர்த்து, பின்பக்கத்தைப் பூச்சியின் முன்னால் நீட்டுகிறோம். லென்ஸின் முன் விளிம்பில் ஃபில்டர் மாட்டுவதற்காக ஒரு மரை இருக்கும் இல்லையா, அந்த மரையில் திருகுவதற்கு ரிவர்ஸ் ரிங் என்று ஒரு மெல்லிய வளையம் விற்கிறார்கள். ஒரு பக்கம் மரை, மறுபக்கம் உங்கள் கேமராவில் பூட்டிக்கொள்ளும் பல். அதற்குள் கண்ணாடி, மின்சாரம் எதுவும் கிடையாது.

திருப்பினால் மட்டும் எப்படிப் பெரிதாகத் தெரிகிறது?

ஒரு லென்ஸை வடிவமைக்கிறவர்கள் எதை மனதில் வைத்து வடிவமைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தூரத்தில் ஒரு பெரிய பொருள், ஒரு மனிதர் அல்லது ஒரு மலை. அதைப் பின்னால் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சின்ன சென்சாரில் அடக்க வேண்டும். முன்பக்கம் தூரமும் பெரியதும், பின்பக்கம் கிட்டேயும் சின்னதும். நான்கு மில்லிமீட்டர் வண்டை எடுக்கும்போது இது அப்படியே தலைகீழாகிவிடுகிறது: இப்போது சின்னதாகவும் கிட்டேயும் இருப்பது வண்டு, அதைவிடப் பெரிதாக விழுவது சென்சாரில் உள்ள பிம்பம். ஆகவே லென்ஸையும் தலைகீழாக்கினால், எந்தப் பக்கத்துக்கு எந்த வேலை என்று கணக்குப் போட்டுச் செய்தார்களோ அந்தக் கணக்கு மறுபடியும் பொருந்திவிடுகிறது. அதனால்தான் படம் பெரிதாக வருவதோடு, நன்றாகக் கூர்மையாகவும் வருகிறது.

எந்த லென்ஸ் நல்லது?

பழையது. ஃபிலிம் காலத்து 50 மில்லிமீட்டர், 35, 28 போன்ற ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ்கள், அதுவும் அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, கையால் திருப்பி மாற்றும் வளையம் உள்ளவை. கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

ஒரு விஷயம் முதலில் எல்லாருக்கும் குழப்பமாக இருக்கும். திருப்பிப் போட்ட லென்ஸில் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். 50 மில்லிமீட்டர் ஏறக்குறைய உயிர் அளவு, அதாவது பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் சென்சாரில் விழும். 28 போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேமராவோடு வரும் 18-55 ஜூமை 18-இல் வைத்தால் மூன்று மடங்குக்கும் மேலே போகும், ஆனால் அங்கே படம் ஆடாமல் எடுப்பது பெரும்பாடு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 50-இல் தொடங்குங்கள். முதல் நாளே 18-இல் முயற்சி செய்துவிட்டு இது நமக்கு வராது என்று விட்டுவிட்ட இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், அவர்கள் 50-இல் தொடங்கியிருந்தால் இன்று நன்றாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

என்னிடம் இருப்பது உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமரா. அதன் லென்ஸையே திருப்பலாமா?

திருப்பலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். திருப்பிப் போட்ட லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி, அந்த லென்ஸ் எந்த வகைக் கேமராவுக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கேமராவில் மவுண்டுக்கும் (லென்ஸ் பூட்டும் வாய்) சென்சாருக்கும் உள்ள தூரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் அமையும். பழைய நிக்கான் எஃப் வகையில் அது 46.5 மில்லிமீட்டர், கேனான் இஎஃப் வகையில் 44. அதாவது நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இடம் கிடைக்கும், வெளிச்சம் உள்ளே நுழையும். மிரர்லெஸ்ஸில் சோனி 18, கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 மட்டுமே. லென்ஸ் பூச்சியின் மீதே போய் முட்டும். ஆகவே கேமரா புதியதாக இருக்கட்டும், லென்ஸ் பழைய எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸாக இருக்கட்டும். ரிங் வாங்கும்போது உங்கள் கேமராவின் மவுண்டைப் பார்த்து வாங்குங்கள், பழைய லென்ஸின் மவுண்டு எதுவானாலும் கவலை இல்லை, அது காற்றில் நீட்டிக்கொண்டிருக்கப் போகிறது.

ரிங் எந்த அளவில் வாங்க வேண்டும்?

லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ, கோடு போட்ட வட்டக் குறியோடு 49, 52, 55, 58 என்று ஓர் எண் இருக்கும், அதுதான் மரையின் விட்டம். பழைய நிக்கான் 50 என்றால் பெரும்பாலும் 52. இணையக் கடைகளில் இருபது முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். நிக்கானே பிஆர்-2ஏ என்ற பெயரில் 52 மில்லிமீட்டருக்கு ஒன்று செய்திருக்கிறது, யாராவது பழையதை விற்றால் விடாதீர்கள். மலிவானதை வாங்கினால், மாட்டும்போது இறுக்கமாகப் பூட்டுகிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிவிட்டேன், ஷட்டரே அடிக்க மாட்டேன் என்கிறதே?

கேமராவுக்கு அங்கே லென்ஸ் இருப்பதே தெரியாது. மிரர்லெஸ் என்றால் மெனுவில் "லென்ஸ் இல்லாமல் எடுப்பது" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். அப்புறம் மோடை எம்-இல் (மேனுவல்) வையுங்கள்.

படம் ஒன்று இருட்டாக வருகிறது, இல்லையென்றால் பூச்சியின் ஒரு மயிர் மட்டும் தெளிவாக வருகிறது. ஏன்?

இரண்டுமே அபெர்ச்சர் தகராறு. எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால், வளையத்தில் என்ன எண் வைத்தீர்களோ அந்த அளவுக்குத் துளை சுருங்கி நிற்கும். அதனால் எஃப் 2.8-க்குத் திருப்பி, வெளிச்சமாக வைத்துக்கொண்டு பூச்சியைத் தேடிப் பிடித்து, பிறகு எஃப் 8-க்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எம்42 திருகு லென்ஸ்களில் பக்கத்தில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன விசை இருக்கும், அதை மேனுவலில் வையுங்கள். வளையமே இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸ் கழற்றியதும் முழுக்கச் சுருங்கிவிடும், பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை மடித்த காகிதம் வைத்து நகர்த்தி நிறுத்த வேண்டும். கேனான் இஎஃப் நேர்மாறு, மின்சாரம் இல்லாவிட்டால் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதற்கு ஒரு வழி உண்டு: லென்ஸை முதலில் நேராக மாட்டுங்கள், எஃப் 8 வையுங்கள், புலத் தெளிவைப் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கேமராவை அணைக்காமல் லென்ஸைக் கழற்றுங்கள். துளை எஃப் 8-இலேயே நின்றுவிடும். கை வழுக்கினால் லென்ஸ் கீழே போகும், அதனால் மெத்தை மேல் உட்கார்ந்து செய்யுங்கள்.

சரி, ஏன் எஃப் 8? உயிர் அளவில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இரண்டு மடங்கில் கால் மில்லிமீட்டர் கிடைத்தால் அதிகம். அப்படியானால் எஃப் 22 வைத்தால் ஆழம் கூடுமே என்று எல்லாரும் கேட்பார்கள். கூடும், ஆனால் இவ்வளவு கிட்டத்தில் லென்ஸில் எழுதியிருக்கும் எண் உண்மையான எண் இல்லை. இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எஃப் 8 என்பது வெளிச்சக் கணக்கில் எஃப் 24 அளவுக்கு நடந்துகொள்ளும். எஃப் 22 வைத்தால் அது அறுபதைத் தாண்டிவிடும், ஒளி அந்தச் சின்னத் துளையில் வளைந்து பரவி, படம் முழுக்க எண்ணெய் தடவினது மாதிரி மங்கிவிடும். 5.6-க்கும் 8-க்கும் நடுவில் இருங்கள், இரண்டு மடங்கைத் தாண்டினால் 5.6-லேயே நில்லுங்கள்.

ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லையே?

நடக்காது. அதை மறந்துவிடுங்கள். இங்கே ஃபோகஸ் செய்வது உங்கள் உடம்பு.

இடது கையால் பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டையோ இலையையோ இரண்டு விரலால் மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள், அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வையுங்கள். இப்போது காற்று அடித்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. பிறகு மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே ஒரு மயிரிழை முன்னால் சாயுங்கள், கண் தெளிவாகும் அந்த நொடியில் அழுத்துங்கள். பத்துப் படத்தில் ஒன்று தேறினால் அது நல்ல நாள். எனக்கு இந்தச் சாய்தல் பழக்கமாக மூன்று மாதம் ஆனது, தினமும் வீட்டு வாசலில் செம்பருத்தியின் மகரந்தத் தூளை வைத்தே பழகினேன். பூ ஓடாது, அதனால் பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது.

பூச்சியின் பக்கவாட்டில் நின்று, அதன் உடம்பு நீளமும் உங்கள் சென்சாரும் ஒரே தளத்தில் வருகிற மாதிரி எடுங்கள். இருக்கிற அரை மில்லிமீட்டரை அதன் மேல் முழுக்கப் படுக்க வைத்த மாதிரி ஆகும். முன்னால் இருந்து எடுத்தால் கண் மட்டும் தெளிவாக இருக்கும், அதுவும் சில நேரம் அழகுதான்.

ட்ரைபாட் வேண்டுமா?

வீட்டுக்குள் உப்புக்கல், சீனி, ரிங்கிட் நோட்டின் நுண்ணெழுத்து என்று எடுக்கும்போது வேண்டும். தோட்டத்தில் அது சுமைதான்.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது?

ஃபிளாஷ். வெயில் போதும் என்று நினைக்காதீர்கள், உயிர் அளவிலேயே லென்ஸ் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது நான்கில் மூன்று பங்கை, விழுங்கிவிடும், செம்பனை நிழலில் அது இன்னும் மோசம். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அது மின்னும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மிகக் குறைவு, கை நடுக்கத்தை அதுவே நிறுத்திவிடும். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, எஃப் 8. இந்த எண்களை வைத்துவிட்டு ஃபிளாஷின் சக்தியை மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

ஆனால் வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும், பளபளப்பான உடம்பு எல்லாம் பாழாகிவிடும். வெளிச்சத்தை மென்மையாக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி, ஒரு முனையை ஃபிளாஷில் செருகி, மறுமுனையில் கேக் சுடும் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். அந்த முனை லென்ஸின் நுனிக்கு மேலேயே வந்து, பூச்சியின் தலைக்கு மேல் கூரை மாதிரி நிற்க வேண்டும். பூச்சியின் பார்வையில் அந்தத் தாள் வானம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். படம் நன்றாக வருவதும் வராததும் எழுபது பங்கு இந்தப் பெட்டியைப் பொறுத்தது என்றே சொல்வேன்.

எத்தனை மடங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளிக்கூட ஸ்கேலைப் படம் எடுங்கள். படத்தின் அகலத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறதோ, அதைக் கொண்டு சென்சாரின் அகலத்தை வகுத்துவிடுங்கள். சின்ன சென்சார் வகையான ஏபிஎஸ்-சியில் கேனான் 22.3, நிக்கானும் சோனியும் ஏறக்குறைய 23.5, முழு ஃபிரேம் 36. ஸ்கேலில் 12 மில்லிமீட்டர் தெரிந்தால் ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

லென்ஸ் கெட்டுப்போகாதா?

பின்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதில் தூசும் தண்ணீரும் படலாம். பின்மூடி ஒன்றின் நடுவை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு மாட்டினால் விளிம்பாவது அடிபடாமல் இருக்கும். கனமான ஜூமைத் திருப்பி மாட்டாதீர்கள், முன்மரை அவ்வளவு எடையைத் தாங்கச் செய்யப்பட்டது அல்ல.

நம் ஊரில் உண்மையான எதிரி பூஞ்சைதான். மழைக்காலத்தில் துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். என் முதல் 28 அப்படித்தான் போனது, சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் கண்ணாடியின் பூச்சோடு சேர்த்துச் சுரண்டிக் கொடுத்துவிட்டார்கள், அந்த லென்ஸை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். பழைய லென்ஸ் வாங்கும்போது கைபேசி விளக்கைப் பின்னாலிருந்து அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இரண்டு லென்ஸை முகத்தோடு முகம் சேர்க்கிறார்களே, அது என்ன?

நேராக மாட்டிய டெலி லென்ஸின் (தூரத்தை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ்) முன்னால் இன்னொன்றைத் திருப்பி ஒட்டுவது. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் மடங்கு: 200-இன் முன்னால் 50 என்றால் நான்கு. இருபக்கமும் மரை உள்ள ரிங் வேண்டும். முன்னால் இருப்பதை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, துளையைக் கேமரா பக்கத்து லென்ஸிலேயே கட்டுப்படுத்தலாம், அது ஒரு வசதி.

கைபேசி மட்டும்தான் இருக்கிறது.

ஒரு பழைய 50-ஐக் கைபேசி லென்ஸின் முன்னால் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் இருட்டாக வரும், நடுவில் எறும்பின் முகம் தெரியும். தொடங்குவதற்கு இது போதும்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து மயங்க வைத்து எடுக்கலாமா?

வேண்டாம். சிலர் செய்கிறார்கள், நான் செய்வதில்லை. விடியற்காலையில் போனால் பனி ஈரத்தில் அவையே அசையாமல் உட்கார்ந்திருக்கும். மரத்தில் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு மட்டும் எந்த நேரத்திலும் சும்மா இருக்காது, ரம்புத்தான் மரத்தடியில் கை வைக்கும் முன் மேலே பாருங்கள்.

எங்கள் ஊரில் எதைத்தான் எடுப்பது? அமேசான் காடா இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல ஆசை அதிகம். செம்பனையின் ஆண் பூங்குலை மலரும் நாளில் பக்கத்தில் போய் நில்லுங்கள், சோம்பு வாசம் அடிக்கும். அந்தக் குலையில் கறுத்த பழுப்பில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் மூக்கு வண்டுகளைப் பாருங்கள். எலீடோபியஸ் கேமரூனிகஸ் என்று பெயர், மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். இது நம் நாட்டு வண்டு அல்ல. ஆப்பிரிக்காவில் கேமரூனில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது இதுதான் என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து உறுதிசெய்த பிறகு, அதை இங்கே கொண்டுவந்து 1981-இல் தோட்டத்தில் விட்டார்கள். முதலில் விட்ட இடம் எங்கள் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டம்.

அதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது நம் அம்மாக்கள். ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, கையால் அமுக்கி ஊதும் கருவியில் போட்டு, மரம் மரமாகப் போய் முள்ளுக்கு நடுவே பெண் பூவின் மேல் ஊதிவிட வேண்டும். என் அம்மாவும் அந்த வேலை செய்தவர். வண்டு வந்த கொஞ்ச காலத்தில் அந்த வேலை நின்றுபோனது, அம்மாவை வேறு வேலைக்கு மாற்றினார்கள்.

போன வருடம் 28-ஐத் திருப்பி மாட்டி, இரண்டு மடங்கில் அந்த வண்டை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். முதுகெல்லாம் மயிர், மயிரெல்லாம் மஞ்சள் தூள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க பவுடர் கலந்து ஊதுவோம், இது சும்மாவே பூசிக்கிட்டுப் போகுதே" என்றார். பிறகு அந்தத் தூள் எந்த மரத்துத் தூள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அடுத்த சனிக்கிழமை அவரையே அழைத்துக்கொண்டு போனேன்.

நீங்கள் போவதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறியதும் போங்கள், வண்டுகள் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். தோட்டத்து அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது. எட்டுகிற உயரத்தில் குலை உள்ள இளமரமாகப் பாருங்கள், குலையை ஒடிக்க வேண்டாம், ஃபிளாஷில் செருகிய பால் பெட்டியை அதன் மேல் கூரையாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு, மெதுவாக முன்னால் சாயுங்கள்.